நாற்பது கிளைகளும் ஒரு புளியங்கொட்டையும்

இதை எழுதும்போது என் வலது கைக் கட்டைவிரலில் மாம்பாலின் வாசனை இருக்கிறது. காலையில் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன், போகவில்லை. மூன்றாம் முறை கழுவ மனம் வரவில்லை. மேசைமேல் உன் பிஸ்கட் டப்பா திறந்து கிடக்கிறது. அதில் இப்போது ஒன்றும் இல்லை.

உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். முடிவை முதலில் சொல்லிவிட்டுச் சான்றைப் பிறகு தேடுகிற வழக்கம் எனக்கில்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் வரிசையாகவே சொல்கிறேன். வரிசையாகச் சொல்வது இன்று எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த ஆண்டு மார்கழியிலேயே மரங்கள் பூத்துவிட்டன. தை நடுவில் கம்பைநல்லூர் ரோட்டில் வண்டியில் போனால் இரண்டு பக்கமும் இலை தெரியாத பூ. அப்போதுதான் பனி இறங்கியது. ஐந்து நாள், காலை ஒன்பது மணி வரை எதிரில் வருகிற பஸ் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆறாம் நாள் வெயில் வந்தபோது பூங்கொத்துகள் கருகித் தொங்கின. தொட்டால் சாம்பலாக உதிர்ந்தன. 'உறைபனித் தாக்குதல்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. நம் ஊரில் ஏது உறைபனி, இது மூடுபனியும் குளிரும், அதன்மேல் சாம்பல் நோயும் என்று திருத்தி எழுத உட்கார்ந்தேன். ஹாஸ்டல் காலத்திலிருந்து நீ சொல்லி வந்தது காதில் விழுந்தது. "பனின்னா பனிதான் புள்ள. மரத்துக்கு ஸ்பெல்லிங்கா தெரியும்?" திருத்தாமல் விட்டுவிட்டேன்.

ஒரே அறையில் நான்கு வருஷம் தோட்டக்கலை படித்தோம். நான் கல்லூரியிலேயே தங்கி, மாணவர்களுக்குப் பாடம் சொல்ல ஆரம்பித்தேன். நீ கம்பைநல்லூர்ப் பக்கம் மாந்தோப்புக்காரரைக் கட்டிக்கொண்டு, பட்டச் சான்றிதழைப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டு, தோப்பில் இறங்கினாய். ஒவ்வொரு மாசியிலும் இந்தப் பக்கத்து மா விவசாயிகளுக்காக நான் ஒரு பக்க அளவில் கணிப்பு எழுதுவேன், விளைச்சல் எப்படி இருக்கும், காய் எப்போது வரும் என்று. எழுதுவதற்கு முன் உனக்குப் போன் போடுவேன். இந்த வருஷம் எப்படி இருக்கும் என்று கேட்டால் உன் பதில் எப்போதும் ஒரே சொல்தான்: "பாக்கலாம்." எனக்கு எரிச்சலாக வரும். நான்கு வருஷப் படிப்புக்கு இதுதானா பதில் என்று கேட்டிருக்கிறேன். நீ சிரிப்பாய், போனை வைத்துவிடுவாய்.

இதேபோல் பனி அடித்த அந்த வருஷத்தை நாம் அதிகம் பேசியதில்லை. கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டிருந்தார்கள். நான் மேடையில் நின்று, முதல் பூ போய்விட்டது, இந்த ஆண்டு விளைச்சல் இருக்காது, இனி மருந்துக்கும் ஆளுக்கும் செலவு செய்யாதீர்கள் என்று சொன்னேன். உறுதியாகச் சொன்னேன். படித்தவள் சொன்னதை நம்பிப் பலர் தோப்பை அப்படியே விட்டுவிட்டார்கள். நீ மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாய். ஒரு கேள்வி கேட்கவில்லை. மறுநாள் போனில் என்ன செய்கிறாய் என்று கேட்டேன். "மரத்துக்குத் தலை வாரி வுட்டுக்கிட்டிருக்கேன்" என்றாய். கருகிய பூங்கொத்துகளை அடியோடு ஒடித்து எறிந்துகொண்டிருந்தாய். உன் மாமனார் காலத்து வழக்கம் அது. ஒடித்த இடத்துக்குக் கீழே, இலைக்கணுவிலிருந்து இரண்டாம் பூ வரும் என்றாய். நான் நம்பவில்லை.

ஆடியில், ஊரில் மாம்பழமே முடிந்த பிறகு, ஒரு பை நிறையப் பெங்களூரா மாம்பழத்தோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். சொன்னேன் பார்த்தாயா என்று ஒரு வார்த்தை இல்லை. "சான்று கொண்டாந்திருக்கேன். தின்னு" என்றாய்.

மூன்று பழம் தின்றேன். தின்று முடித்துக் கை கழுவிக்கொண்டே, ஒரு தோட்டம், ஒரு வருஷம், இது சான்றாகாது, ஒடிக்காமல் விட்டிருந்தாலும் பூத்திருக்கலாம் என்றேன். நீ கத்தியைத் துடைத்து வைத்தாய்.

"என் மாமியாகூட இவ்வளவு பண்ணதில்லடி. சரி, என்ன பண்ணா நம்புவ?"

பத்து மரத்தில் நாற்பது கிளை எடுக்க வேண்டும், பாதியை ஒடித்துப் பாதியை அப்படியே விட வேண்டும் என்றேன். எதை ஒடிப்பது என்று நீ தேர்ந்தெடுக்கக் கூடாது, உன் கை தானாக நல்ல கிளைக்குப் போகும், அதற்கு ரேண்டம் நம்பர் டேபிள் இருக்கிறது என்றேன். எங்கள் வூட்டில் அதெல்லாம் இல்லை, புளியங்கொட்டை இருக்கிறது என்று சொல்லி, என் சமையலறைத் தரையிலேயே ஒரு கொட்டையைத் தேய்த்தாய். தாயம் ஆடத் தேய்ப்போமே, அப்படி. ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் வெள்ளை. வெள்ளை விழுந்தால் ஒடிப்பது, கருப்பு விழுந்தால் விடுவது. மரத்துக்கு நான்கு கிளை, ஒரு நிறம் இரண்டு முறை விழுந்துவிட்டால் மிச்சக் கிளை மற்ற நிறத்துக்கு. கிளையில் கட்ட அடையாளத் துணி வேண்டும் என்றபோது உன் ஆரஞ்சு நைலான் சேலை நினைவுக்கு வந்தது. காலேஜ் விழாவில் நீ அதைக் கட்டி வந்தபோது, ரோடு போடுகிறவர்களின் சட்டை மாதிரி இருக்கிறது என்று நான் சொன்ன அதே சேலை. ஒடித்த கிளைக்கு அது, விட்ட கிளைக்கு என் பழைய நீலப் புடவை. நாடா நாடாவாகக் கிழித்துப் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தாய்.

அதற்குப் பிறகு பனியே வரவில்லை. வருஷா வருஷம் பூ நன்றாகப் பிடித்தது, காயும் பிடித்தது. பனி வரட்டும் என்று வேண்டிக்கொள்கிற ஒரே விவசாயி இந்த ஜில்லாவிலேயே நீதான் என்று சொல்லிச் சிரித்தாய். அப்புறம் உன் உடம்புக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் நாம் மாமரத்தைப் பற்றிப் பேசவில்லை. நீ போவதற்கு முந்தின வாரம் மட்டும், கண்ணை மூடிக்கொண்டே, "டப்பா பரண் மேல இருக்குது" என்றாய். மருந்து மயக்கத்தில் ஏதோ பேசுகிறாய் என்று நினைத்து உன் கையைத் தட்டிக் கொடுத்தேன். எந்த டப்பா என்று கேட்கவில்லை. இரண்டு வருஷமாக அது என் மனதை உறுத்தியது.

இந்தத் தை கடைசியில் உன் வீட்டுக்காரர் போன் செய்தார். என்னிடம் அனுமதி கேட்க அல்ல, தெரிவிக்க. "மரத்த எடுத்துரலாம்னு இருக்கேன்மா. பூவும் போயிருச்சி. மரவள்ளி போட்டா ஆளு கம்மியாப் புடிக்கும். ஒண்டியா என்னால பாக்க முடியல." மரம் வெட்டுகிறவர்கள் மாசி முதல் வாரம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. பரண் மேல் ஒரு டப்பா இருக்கிறதா அண்ணா என்று மட்டும் கேட்டேன். கந்தல் துணியை எதற்குப் பத்திரமாக வைத்திருந்தாள் என்று தெரியவில்லை, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை என்றார். மாசி கடைசி வரை பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். பொறுக்கிறேன் என்றார், அவ்வளவாக நம்பிக்கையில்லாத குரலில்.

மறுநாள் காலை உன் வீட்டுக்குப் போய் டப்பாவைத் திறந்தேன். இருபது ஆரஞ்சு, இருபது நீலம். அடியில் அந்தப் புளியங்கொட்டை.

பக்கத்துத் தோப்பு கோவிந்தம்மா வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார். "டீச்சரம்மா மரத்துக்கெல்லாம் ரிப்பன் கட்றாங்க. இஸ்கூலுக்கு அனுப்பப் போறாங்களோ?" ஒவ்வொரு கிளைக்கும் கொட்டையைத் தரையில் போட்டேன். கிணற்றோர மரத்தில், நீ எப்போதும் சும்மாட்டுத் துணியை உலர்த்திய அந்த மரத்தில், நல்ல வாட்டமான கிளைக்குக் கருப்பு விழுந்தது. உன் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றிருந்தார். அதை ஒடித்துவிடலாமே என்றார். கூடாது என்றேன். சொன்ன பிறகு என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. அவர் துரட்டியை எடுத்துக்கொண்டார்.

"நீங்க நாப்பது கிளையப் பாருங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

வெட்டப் போகிற மரத்தை ஆறு நாள் ஒடித்தார். கோவிந்தம்மாவும் கேலியை விட்டுவிட்டு ஒரு துரட்டியோடு வந்து சேர்ந்துகொண்டார்.

முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாம் வாரமும் ஒன்றுமில்லை. தருமபுரியில் மதிய வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. வெயில் ஏறினால் கணு இலையாகத்தான் விரியும் என்று என் பாடப்புத்தகம் சொல்கிறது. மூன்றாம் வாரம் கணுக்களில் வீக்கம் தெரிந்தது. பூவா இலையா? லென்ஸ் வைத்துப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. பிறகு லென்ஸைப் பையில் போட்டுவிட்டு, நீ செய்வதுபோல் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவினேன். "ஊசியா இருந்தா எல, உருண்டையா இருந்தா பூ." ஆரஞ்சு நாடாக் கிளையில் உருண்டை. அடுத்ததிலும் உருண்டை. இது என் ஆசை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒருவரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். அந்த வாரம் கல்லூரிக்கு இரண்டு நாள் விடுப்புப் போட்டேன். என் பணிக்காலத்தில் மாமரம் பார்ப்பதற்காக நான் போட்ட முதல் விடுப்பு.

இன்று காலை தோப்புக்குப் போனபோது வண்டியை நிறுத்துவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது.

சின்னப் பூங்கொத்துகள்தான். முதல் பூவின் நீளம் இல்லை. ஆனால் கணுவுக்குக் கணு, ஒரு பூ போன இடத்தில் மூன்று. ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பாடம் நடத்துகிற எவரும் போடுகிற சத்தம் அல்ல அது. கிணற்று மேட்டில் இருந்த கொக்கு பறந்து போயிற்று. பிறகு நோட்டை எடுத்து எண்ணினேன். ஆரஞ்சு நாடாக் கிளைகள் இருபதில் பதினேழு பூ, மூன்று இலை. நீலத்தில் நான்கு பூ, மற்றவை கருகிய கொத்தைச் சுமந்துகொண்டு அப்படியே நின்றன. திரும்ப எண்ணினேன். மூன்றாம் முறை தொடங்கும்போது கோவிந்தம்மா பொறுக்க முடியாமல் கேட்டார், "ஏம்மா, மூணு வாட்டி எண்ணா மூணு பங்கா காய்க்கும்?"

நீலத்தில் பூத்த நான்கில் ஒன்று எது தெரியுமா? கிணற்றோர மரத்தில் கருப்பு விழுந்த அந்தக் கிளை. ஒடிக்காமலே, கருகிய கொத்துக்குப் பக்கத்திலேயே தள்ளிக்கொண்டு பூத்திருக்கிறது. என் கணக்குக்குக் குறுக்கே நிற்கிறது. உன் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் அந்தக் கிளையைத் தொடாமல் பார்த்தார்.

"அது அவ மரம்மா. யாரு பேச்சயும் கேக்காது."

பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். மரம் வெட்டுகிறவருக்கு. நான் தள்ளிப் போய் நின்றேன், ஆனாலும் கேட்டது. "வர வேணாம்ப்பா." அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "இல்லப்பா, வேற யாருக்கும் குடுக்கல. பூ வெச்சிருக்குது." அவர் முதுகைத்தான் பார்த்தேன். வெகு நேரம் அவர் திரும்பவில்லை.

மதியம் வந்து இந்த ஆண்டின் கணிப்பை எழுத உட்கார்ந்தேன். மேலே முதல் வரியாக, சில ஆண்டுகளுக்கு முன் கல்யாண மண்டபத்தில் நான் சொன்னது தவறு என்று எழுதினேன். அதை எழுதக் கை தயங்கவில்லை, ஆச்சரியம். கருகியதை ஒடித்துவிட்ட தோப்புகளில் காய் பிந்தும், ஆடியில் வரலாம் என்று எழுதினேன். தத்துப்பூச்சி இருக்கிறது, சித்திரைக் காற்று இருக்கிறது, ஆலங்கட்டி மழை இருக்கிறது. பூ வேறு, பழம் வேறு. எவ்வளவு விளையும் என்ற இடத்தில் எப்போதும் ஓர் எண் போடுவேன். இந்த முறை வெகு நேரம் யோசித்து, ஒரு சொல் எழுதினேன். நீ அதைப் பார்த்திருந்தால் என்னை ஊர் முழுக்கக் கேலி செய்திருப்பாய்.

பார்க்கலாம்.

நாடாக்களை அவிழ்க்கவில்லை. காயையும் எண்ண வேண்டும். அதற்குப் பிறகும் இது ஒரு தோட்டம், இரண்டு வருஷம்தான், எனக்குப் போதாது. அதனால் பனி வரட்டும் என்று காத்திருக்கிற ஆள் இனி இந்த ஜில்லாவில் நான். புளியங்கொட்டையை டப்பாவில் திரும்ப வைக்கவில்லை. என் பர்ஸில் இருக்கிறது. சாயங்காலம் காய்கறிக் கடையில் சில்லறைக்காக விரலை விட்டபோது அதுதான் முதலில் கையில் வந்தது. ஒரு பக்கம் வழுவழுப்பு, ஒரு பக்கம் என் சமையலறைத் தரையில் நீ தேய்த்த சொரசொரப்பு. கடைக்காரர் என்னம்மா தேடுகிறீர்கள் என்று கேட்கும் வரை அதைத் தடவிக்கொண்டே நின்றேன்.