இரண்டாம் மேசைப் பெண்கள்

கொழும்பு
10.02.1974

அன்புள்ள ஜசிந்தாக்காவுக்கு,

பேக்கரி வாசலில் பாண் வரிசையில் நின்றபடி இதை எழுதுகிறேன். எனக்கு முன்னால் நாற்பது பேர். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் தொய்வு இழுப்பு எப்படி? போன கடிதத்தில் நீங்கள் அதைப்பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதாவிட்டால் நான் இங்கே நிம்மதியாக இருப்பேன் என்று நினைப்போ?

ஒரு புதினம் சொல்லவேண்டும். கந்தோர் முடிந்தபின் படிக்கப் போகிறேனல்லவா, அந்த முகாமைத்துவ வகுப்பில் இந்தத் தவணை ‘நிறுவனத்தில் மனித நடத்தை’ என்றொரு பாடம். வேலைசெய்கிற மனிதரைப் பற்றிய பாடம், அக்கா. சம்பளத்துக்காக மட்டும் ஆள் வேலை செய்வதில்லை, பக்கத்தில் இருப்பவரின் முகத்துக்காகவும் செய்கிறான் என்கிறார்கள். எங்கள் கந்தோர்ப் பெரியவர்களுக்கு உங்களைப்போன்ற ஆட்கள் கையும் கத்தியும் மட்டும்தான். அவர்களுக்கு மனிதரைக் காட்டுகிறமாதிரி ஓர் ஆய்வு எழுதப்போகிறேன்.

எங்கள் கம்பனியின் ஊர்காவற்றுறை இறால் உரிக்கும் பகுதியின் நிறை விபரம் கிழமைதோறும் என் மேசைக்கு வருகிறது. மற்ற மேசைகளில் ஒருத்தி கூட உரிப்பாள், ஒருத்தி குறைய உரிப்பாள். உங்கள் இரண்டாம் மேசையில் மட்டும் எட்டுப் பெண்களும் ஒரே அளவு. நாள் தவறாமல். அது எப்படி? யார் முதலில் தொடங்குகிறது, யார் சொல்லை எல்லோரும் கேட்கிறீர்கள், என்ன கதைக்கிறீர்கள், ஒன்றும் விடாமல் எழுதுங்கள்.

அம்மாவுக்கு என் முத்தம்.

அன்புத் தம்பி
வின்சன்ற்


ஊர்காவற்றுறை
19.02.1974

அன்புள்ள தம்பி வின்சன்றுக்கு,

அம்மாவுக்குப் பனி நேரம் இழுக்கிறது, வெயில் ஏற அடங்குகிறது. மற்றும்படி மாதாவின் கிருபை. நீ மெலிந்துபோனாய் என்று கொழும்பால் வந்த குருசுமுத்தர் சொன்னார். பாண் வரிசையில் நின்று படித்தால் மெலியாமல் என்ன செய்யும்?

நீ கேட்டதை எழுதுகிறேன். எங்கள் மேசையில் கத்தரீனாதான் எல்லாம். மனேச்சர் இராசநாயகம் வந்து ஏதும் சொன்னால் ‘ஓம் ஐயா’ என்போம். அவர் போனபின் கத்தரீனாவின் முகத்தைப் பார்ப்போம். காலையில் ஐஸ் கொட்டியதும் அவள் செபமாலை தொடங்குவாள். அந்தச் செபம்தான் எங்களுக்கு மணிக்கூடு. ஒரு ‘அருள்நிறைந்த மரியே’க்கு இரண்டு இறால். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒவ்வொரு பத்துச் செபம் முடியும்போதும் முறைவைத்து ஒருத்தியின் ஒரு கை உரித்த இறால் பரிமளத்தின் பேசினுக்குள் போகும்.

பரிமளம் வேலணையில் இருந்து வருகிறவள். புருசன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். நாலு வருசம் ஐஸ் தண்ணீருக்குள் கை வைத்து விரல் எல்லாம் வீங்கி மடியாமல் போயிற்று. எங்களில் பாதிதான் அவளால் ஏலும். அதை மனேச்சர் அறிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நாங்கள் கொடுப்பதால் எட்டுப் பேசினும் ஒன்றாய் நிற்கிறது.

அவள் திருநீறு பூசிக்கொண்டு எங்கள் செபத்துக்கு மறுமொழி சொல்வதைப் பார்த்தால் நீ சிரிப்பாய். ஒருநாள் எங்கள் மேசை மாக்கிறேற் பகிடியாகக் கேட்டாள், “எடி பரிமளம், உன்ரை நயினாதீவு அம்மாளாச்சி கோவிக்கமாட்டாவோ?”

“அவவும் பொம்பிளைதானே, அவவுக்கு விளங்கும். உங்கடை மனேச்சருக்குத்தான் விளங்காது” என்றாள். நிறுவைக்காரன் எட்டிப் பார்க்குமட்டும் சிரித்தோம்.

இதை உன் படிப்புக்கு மட்டும் எழுதினேன். வேறு ஒருவர் காதிலும் போடாதே.

உன் அக்கா
ஜசிந்தா


கொழும்பு
28.04.1974

அன்புள்ள அக்காவுக்கு,

வகுப்பில் முதலாவது என் ஆய்வு! விரிவுரையாளர் எழுந்து நின்று கை தந்தார். “இவ்வளவு உள்ளுக்குப் போய் ஒருவரும் எழுதவில்லை” என்றார். உங்கள் கடிதம் இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை, அக்கா. எனக்காகப் படிப்பை விட்டீர்கள். இப்போது அந்த வகுப்பு முழுக்க உங்களிடம்தான் படித்தது.

எங்கள் பணிப்பாளரும் கேள்விப்பட்டு ஒரு பிரதி கேட்டார். கொடுத்தேன். பயப்படவேண்டாம். ஊரின் பேர் இல்லை, ஆட்களின் பேர் இல்லை. ‘தலைவி’, ‘செபம் சொல்லும் குழு’, ‘கை ஏலாத விதவை’ என்றுதான் எழுதியிருக்கிறேன். முடிவில் ஓர் ஆலோசனையும் சொன்னேன்: தொழிலாளர் தாங்களாக ஏற்றுக்கொண்ட தலைவியை நிருவாகமும் மதித்து உயர்த்தவேண்டும் என்று. அதற்குக் கீழே அவர் சிவப்பு மையால் கோடு கீறியிருந்தார். ஒரு கடைநிலைக் கிளாக்கர் எழுதியதைப் பணிப்பாளர் கீறி வாசித்திருக்கிறார்!

அம்மாவுக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன்.

அன்புத் தம்பி
வின்சன்ற்


ஊர்காவற்றுறை
02.06.1974

தம்பி வின்சன்றுக்கு,

மருந்து கிடைத்தது.

நீ படித்தவன். இந்தத் தீவில் செபம் சொல்லி இறால் உரிக்கிற மேசை எத்தனை? அதில் கை ஏலாத விதவை எத்தனை பேர்? பேரை எடுத்துவிட்டால் ஆளை மறைத்தது என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தார்கள்?

திங்கட்கிழமை இராசநாயகம் தட்டச்சடித்த கட்டு ஒன்றோடு வந்தார். எங்கள் மேசையில் நின்று, “பத்து முடிய ஒரு கை. என்ன பிள்ளையள், நல்ல ஒற்றுமை” என்றார். அவ்வளவுதான் சொன்னார். தலைமைக் கந்தோரில் தம்பி இருக்கிறவள் இங்கே நான் ஒருத்திதான். ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் இறாலைப் பார்த்தேன்.

அடுத்தநாள் மேசையைப் பிரித்தார்கள். ஒவ்வொருத்தியும் வேறு வேறு மேசை. செபத்துக்குத் தடை. சுவரில் பெட்டி கட்டி வானொலிப் பாட்டுப் போடுகிறார்கள். கத்தரீனாவை மேற்பார்வைக்கு ஏற்றி, இருக்கக் கதிரை ஒன்றும் எழுதக் கொப்பி ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள். யார் மெதுவாக உரிக்கிறாள் என்று அவள் எழுதவேண்டும். உன் ஆலோசனைதானே? அவளை மதித்துவிட்டார்கள்.

பரிமளம் முழுப் பேசினும் தன் கையால் நிரப்பவேண்டும். சாப்பாட்டுக்கும் எழும்புவதில்லை. தம்பி, நீ பணிப்பாளரிடம் போ. எழுதியது பிழை, அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லு. பொய்தான். பாவம் என்மேல் இருக்கட்டும். அவளுடைய வேலை நிலைக்கவேண்டும், வேறொன்றும் நான் கேட்கவில்லை.

ஜசிந்தா


கொழும்பு
15.06.1974

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்றுதரம் வாசித்தேன். நான் எழுதியது ஒன்று, அவர்கள் செய்தது இன்னொன்று. உங்கள் ஒற்றுமையைப் புகழ்ந்துதான் எழுதினேன், மாதா அறிய. ஆனால் நானே பிழை என்று இப்போது சொன்னால் ஆய்வும் போய்விடும், வேலையும் போய்விடும். வேலை போனால் அம்மாவின் மருந்துக்கு என்ன செய்வோம்?

எந்த மாற்றத்தையும் ஆட்கள் முதலில் வெறுப்பார்கள், பிறகு பழகிவிடுவார்கள். கத்தரீனா நல்ல மனுசி, பரிமளத்தை விட்டுக்கொடுக்கமாட்டா. எனக்கு ஓர் உயர்வு வரும்போல் கதை இருக்கிறது. வந்தால் உள்ளே இருந்தே எல்லாவற்றையும் திருத்துவேன். கொஞ்சம் பொறுங்கள்.

வின்சன்ற்


ஊர்காவற்றுறை
21.07.1974

வின்சன்ற்,

பழகிவிட்டோம்.

பரிமளத்தின் சுட்டுவிரலில் இறால் முள்ளு ஏறியது. சொன்னால் வேலையால் நிறுத்திவிடுவார்கள் என்று சீலைத் துண்டு சுற்றிக்கொண்டு ஒன்பது நாள் உரித்தாள். பத்தாம் நாள் கை முழங்கைவரை சிவந்து, மேசையடியில் விழுந்தாள். யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரியில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். அவள் ஆசுப்பத்திரியில் இருக்கும்போதே நிறுத்திய கடிதம் வேலணைக்குப் போயிற்று. மூத்த பெட்டைப்பிள்ளை அதை எழுத்துக் கூட்டி வாசித்ததாம்.

காரணம்: தொடர்ந்து உற்பத்திக் குறைவு. கொப்பியில் எழுதியது கத்தரீனா. இரண்டு நாள் எழுதாமல் இருந்தாள். மூன்றாம் நாள் மனேச்சர் கொப்பியை விரித்து, பேனாவைக் கையில் வைத்தார்.

சந்தையடியில் என்னை மறித்துக் கேட்டாள். “நான் எழுதாட்டி என்னை நிப்பாட்டுவினம். ஐஞ்சு பிள்ளையள் எனக்கு. நீ எண்டால் என்னடி செய்வாய்?”

நான் விலகி நடக்கப் பார்த்தேன்.

“நீதான் முதல் எழுதினனி” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது அவளோடு ஒருவரும் கதைப்பதில்லை. என்னோடும் இல்லை. ஆசுப்பத்திரிக்குப் போனேன். பரிமளம் மட்டும்தான் கதைத்தாள். “உம்மடை தம்பி பாஸ் பண்ணிட்டாரோ?” என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை. அறியத்தான் கேட்டாள்.

ஓம் என்றேன்.

ஜசிந்தா


கொழும்பு
30.08.1974

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. ஊர்காவற்றுறைக்கே என்னை, ஆட்களை எடுக்கவும் நிறுத்தவும் பொறுப்பான ஆளணி உத்தியோகத்தராக நியமித்துவிட்டார்கள். புரட்டாதி பதினாறாம் தேதி பொறுப்பேற்கிறேன். அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கலாம். உங்களை ஐஸ் தண்ணீரில் இருந்து எடுத்து நிறுவை மேசையில் இருத்துவேன். இனி உங்கள் கை நனையவேண்டாம்.

பரிமளத்தைப் பற்றி விசாரித்தேன். விரல் இல்லாதவர்களை உரிக்கும் பகுதிக்கு எடுக்க விதி இல்லை என்கிறார்கள். வந்தபின் பார்ப்போம்.

என்னோடு கோபிக்காதீர்கள், அக்கா. நான் உங்களுக்காகத்தான் எழுதத் தொடங்கினேன்.

உங்கள் தம்பி
வின்சன்ற்


ஊர்காவற்றுறை
09.09.1974

ஆளணி உத்தியோகத்தர் அவர்கட்கு,

ஐயா,

தங்கள் நியமனம் பற்றிய அறிவித்தல் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. வாசித்தோம்.

நிறுவை மேசை எனக்கு வேண்டாம். உரிக்கும் பகுதியிலேயே இருப்பேன். வேலையை விடமாட்டேன். விட்டால் கந்தோர்க் கதிரைகளில் இருக்கிறவர்களுக்கு நல்லது, எனக்கு அல்ல. மற்றப் பெண்களை எப்படி அழைப்பீர்களோ அப்படியே என்னையும் அழைக்கவும். அக்கா என்று அங்கே கூப்பிட்டால் நான் திரும்பமாட்டேன்.

பொ. பரிமளத்தை மீண்டும் வேலைக்கு எடுக்கும்படி கேட்டு இதனுடன் ஒரு விண்ணப்பம் இணைத்திருக்கிறேன். இறாலைத் தரம் பிரிக்க மூன்று விரல் போதும். நான் செய்து பார்த்தேன். பதினொரு பேர் கையெழுத்து வைத்திருக்கிறோம். கத்தரீனாவின் கையெழுத்தும் உண்டு, கடைசியில். அவள் கேட்டு வாங்கி வைத்தாள். விண்ணப்பத்தை எந்த விதியின்கீழ் தள்ளுவீர்கள் என்பதைத் தாங்களே அறிவீர்கள்.

தங்கள் அறிக்கையில் எழுதியது முழுவதும் உண்மை என்று கேள்வி. இனி எங்களைப் பற்றி எங்கள் வாயால் ஒன்றும் அறியமாட்டீர்கள். என்ன கேட்டாலும் ‘ஓம் ஐயா’ என்போம். அதையும் எழுதிக்கொள்ளலாம்.

தங்களுக்குத் தங்குமிடம் கம்பனி விடுதியில் ஒழுங்கு செய்திருப்பதாக மனேச்சர் சொன்னார். அதுவே நல்லது. அம்மாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, மகன் வருகிறான் என்று சந்தோசமாக இருக்கிறா. அவவைப் பார்க்க வரத் தடையில்லை. நான் வேலையில் நிற்கும் நேரமாகப் பார்த்து வரவும். வேலைநேரப் பட்டியல் தங்கள் கையில்தான் இருக்கும்.

இப்படிக்கு
வே. ஜசிந்தா
உரிக்கும் பகுதி, இலக்கம் 14