அரசன் பசியாறிட்டியா என்று கேட்ட காலை

மேடையில் பதினொரு முறை இறந்துபோன என் அன்பு அப்பாவுக்கு,

பன்னிரண்டாவது முறை மருத்துவமனையில் இறந்தீர்கள். அதற்கு ஒத்திகையே இல்லை. மூன்று வருடமாகிவிட்டது. உங்களுக்கு ஒரு சேதி: உங்கள் நாடகம் படமாகிவிட்டது.

குற்றவாளி யாரென்று தெரியாமலே மரணதண்டனை விதித்துவிட்டு, அவன் தன் மகன்தான் என்று பிறகு அறிந்து நெஞ்சு வெடித்துச் சாகும் அரசனின் கதை. இந்த மலாய் மண்ணில், நம் ஜார்ஜ்டவுனில் அதைப் பார்க்காத தமிழர்கள் குறைவு. பார்த்தவர்களில் பாதிப் பேர் முகவரான உங்களிடம் ஆயுள் காப்புறுதி எடுத்தவர்கள். நீங்கள் மேடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த மறுவாரமெல்லாம் புதிதாக இரண்டு பேராவது பாலிசி எடுக்க வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்று அம்மா இன்றும் சொல்கிறார்.

எனக்குப் பத்து வயதானபோது நடந்ததை நான் இதுவரை எழுதியதில்லை. தண்டனை நாள் காலை. சிறைக்குள் வந்து, "அறத்தின் பொருட்டு உன்னை இழக்கிறேன், மைந்தா" என்று தொடங்கி ஒரு பக்கம் நீங்கள் பேச வேண்டும். வந்தீர்கள். நின்றீர்கள். ஒரு சொல்லும் வரவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து ஒருவர் வரியை எடுத்துக்கொடுத்தது கடைசி வரிசை வரை கேட்டது. உங்களுக்கு மட்டும் கேட்கவில்லை. பிறகு, தினமும் காலையில் மகள் என்னைக் கேட்கும் அதே குரலில், "பசியாறிட்டியாய்யா?" என்றீர்கள்.

மண்டபம் சிரித்தது. எனக்கு நாற்காலிக்கடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. மகனாக நடித்தவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. "இன்னும் இல்லப்பா" என்று சொல்லிவைத்தார். சிரிப்பு அப்படியே நின்றது. எனக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அடுத்த வருடத்திலிருந்து அந்த வரியை நீங்களே யோசித்து எழுதியதாகச் சொல்லிக்கொண்டீர்கள். நான் மறுக்கவில்லை. ஒருவேளை, அதுதான் உண்மையோ?

அதன்பின் அந்தக் கதை எத்தனை உருவம் எடுத்தது தெரியுமா? இணையத்தில் ஒலி நாடகமாக வந்தபோது, நடிப்பவர் முகம் தெரியாததால், அந்த வரியைக் கேட்டதும் விளம்பரம் தொடங்கிவிட்டது என்று நினைத்துச் சிலர் அணைத்துவிட்டார்கள். படக்கதையாக நான் எழுதிக்கொடுத்தபோது, அறமும் பொருட்டும் பேச்சுக் குமிழுக்குள் அடங்கவில்லை. உங்கள் ஒரு சொல் கச்சிதமாக உட்கார்ந்தது.

படத்துக்கும் நான்தான் வசனம். இயக்குநர் ரவின் அண்ணன் படப்பிடிப்பன்று காலையில் அந்த வரியை அடித்துவிட்டு வந்து நின்றார். "தங்கச்சி, இது டிராஜெடி லா. நீ நாசி லெமாக் சோத்துக் கடைக்கு விளம்பரம் எழுதியிருக்க."

அரசனாக நடிக்கச் சென்னையிலிருந்து வந்திருந்தவர் பணிவாகக் கேட்டார். "யாருக்கும்மா பசி? அது எப்ப ஆறிச்சு?" காலையில் சாப்பிட்டாயா என்பதை இங்கே அப்படித்தான் கேட்போம் என்றேன். அப்படியானால் டிபன் ஆச்சா என்று கேட்டுவிடவா என்றார். அப்பா, மகனைக் கொல்லப்போகும் காலையில், ஓர் அரசன், டிபன்.

நான் சண்டை போடாதவள் என்று உங்களுக்குத் தெரியும். பாசாரில் கடைக்காரர் அழுகிய பழத்தைக் கொடுத்தால்கூட நன்றி சொல்லி வாங்கி வருபவள். ஆனால் உங்கள் நாடகத்தை ஒருவரும் ஒருமுறைகூடப் பதிவு செய்யவில்லை. இந்த வரியும் போனால், நீங்கள் அரசனாக நின்றதற்கு என்னதான் மிச்சம்?

"அது எங்கப்பா சொன்னதுண்ணே. அத எடுத்துட்டா இந்தப் படத்துல அவரு எங்கயுமே இல்ல" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

ரவின் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டார். "சரி, எப்படிச் சொல்வாரு? செஞ்சு காட்டு."

அத்தனை பேர் முன்னால், கடலோரத்தில் ஒரு பழைய கிடங்கில், நான் உங்களைப் போல நடந்து வந்து, நின்று, உங்கள் குரலில் கேட்டேன். விளக்கைப் பிடித்திருந்த முத்து அண்ணன் தன்னைத்தான் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். "ஆச்சும்மா, ரொட்டி சானாய்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். சென்னைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "அவர் நிஜமாவே பதில் சொல்லிட்டாரே. அந்த மாதிரி கேக்கணும், இல்ல?" என்றார். ஆறு முறை மருத்துவர் விசாரிப்பதுபோலக் கேட்டார். ஏழாவது முறை, அப்பா, அவருக்கு வந்துவிட்டது. ரவின் அண்ணன் நிறுத்தச் சொல்ல மறந்து நின்றார்.

வரி தங்கிவிட்டது. திரையின் அடியில் போட மலாய் மொழிபெயர்ப்பு நன்றாக அமைந்தது. ஆங்கிலத்தில்தான் ஹோட்டல் பணியாளர் கேட்பதுபோல் இருக்கிறது.

இப்போது தகராறு பெயர்ப் பட்டியலில். வசனம் என்பதற்குக் கீழே உங்கள் பெயரை முதலிலும் என் பெயரை அடுத்தும் எழுதி அனுப்பினேன். "முழுப் படமும் நீ எழுதுன. அவரு ஒரு சொல்லுதான லா?" என்கிறார் ரவின் அண்ணன். உண்மைதான். ஆனால் நான் எழுதிய மற்றச் சொற்களுக்கு அந்தக் கிடங்கில் யாரும் பதில் சொல்லவில்லையே.

பட்டியலை அவர் இரண்டு முறை மாற்றி அனுப்பினார். இரண்டு முறையும் திருத்தித் திருப்பி அனுப்பினேன். நாளைக்கும் அனுப்புவேன். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன், அப்பா.

வசனத்தில் இரண்டாவதாக வரும்
உங்கள் மகள்