நீ எழுதாமல் விட்ட கடைசிப் பத்தி

இன்று காலை நம் தெருவுக்குள் காயலான் கடை வண்டி வந்தது. "பழைய இரும்பு, பழைய பேட்டரி, ஓடாத லேப்டாப், உடைஞ்ச செல்போன்" என்று பதிவு செய்த பெண்குரல் ஒலிபெருக்கியில் இழுத்து இழுத்துச் சொல்ல, நான் லுங்கியோடு மாடிப்படியில் பாதி தூரம் இறங்கிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. "ஓடிப்போய் வண்டிய நிறுத்துங்க, அவர்கிட்ட பேசணும்" என்று என்னைத் துரத்த நீ இல்லை. நடுப்படியில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன்.

கீழ்வீட்டு எஸ்தர் அக்கா தலையை நீட்டினார். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். எங்களில் யார் மூத்தவர் என்ற வழக்கு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

"இன்னாண்ணா, எதனா போடணுமா?"

"ஒண்ணுமில்லக்கா. காத்து வாங்க வந்தேன்."

மே மாத வெயிலில், காங்கிரீட் படிக்கட்டில் காற்று. அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. எஸ்தர் அக்காவே கேட்காமல் விடுகிறார் என்றால் என் முகம் எந்த லட்சணத்தில் இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்.

போன வருஷம் இதே வெயிலில்தான் நீ கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்குப் போனாய். கெமிஸ்ட்ரி மிஸ்ஸாக இருந்தவள், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஐம்பது வயதில் பொதுக்கொள்கை எம்.ஏ. சேர்ந்தாய். உன் வகுப்புப் பிள்ளைகள் டில்லிக்கும் பெங்களூருக்கும் பயிற்சிக்குப் பறக்க, நீ தாம்பரம் சானடோரியத்தில் ஒரு சின்ன ஆய்வு மையத்தைப் பிடித்தாய். தலைப்பு, முக்கியக் கனிமங்கள் பற்றிய அரசுக் கொள்கை. லித்தியம், கோபால்ட் மாதிரி, பேட்டரிக்கும் மின்சார வண்டிக்கும் இல்லாமல் முடியாத, நம்மிடம் போதுமான அளவு இல்லாத சரக்கு. நான் வழக்கம்போல ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேன். முதல் நாள் உன்னை ஏற்றிப்போன ஆட்டோக்காரரிடம், "எங்க வீட்டம்மா கனிம வேலைக்குப் போறாங்க" என்றேன். அவர் கண்ணாடி வழியாக உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தாம்பரத்துல சுரங்கம் எங்கண்ணா கீது?" என்றார்.

"ரெண்டாவது மாடியில" என்றாய் நீ, சிரிக்காமல். ஊரில் என்னைத்தான் நகைச்சுவைக்காரன் என்கிறார்கள்.

மற்ற பிள்ளைகள் சிலியையும் ஆஸ்திரேலியாவையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். நீ நாம் குடியிருக்கும் முடிச்சூரை எடுத்துக்கொண்டாய். ஓடாத செல்போனுக்குள் அந்தக் கனிமங்கள் கிடக்கின்றன. பிரித்தெடுக்க ஆலைகளும் வந்துவிட்டன. ஆனால் வீடுகள் போனை வெளியே விடுவதில்லை. ஏன்? இதுதான் உன் கேள்வி.

கேள்வி நல்ல கேள்விதான். கேட்ட ஆள்தான் தப்பு. நீ கதவைத் தட்டிய வீடுகளில் பாதி உன்னிடம் படித்தவர்களுடையவை, மீதி பிள்ளைகளை உன்னிடம் படிக்க வைத்தவர்களுடையவை. கெமிஸ்ட்ரி மிஸ் வந்து கேட்டால் யார் உண்மையைச் சொல்வார்கள்? எல்லோரும் சரியான விடையைச் சொன்னார்கள். "பழைய போனா மிஸ்? எல்லாத்தையும் ரீசைக்கிளுக்குக் குடுத்துட்டோம் மிஸ்." எழுந்து நின்று சொன்னவர்களும் உண்டு. மையத்தை நடத்தும் நிவேதாவுக்கு நம் மகள் வயதுதான் இருக்கும். உன் தாள்களைப் புரட்டிவிட்டு, "ஆன்ட்டி, இத நம்பினா முடிச்சூர் ஸ்வீடன் ஆயிடும்" என்றாளாம்.

அன்று வீட்டுக்கு வந்த நீ செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏங்க, நாளைலேர்ந்து நீங்களும் வாங்க. நான் கேள்வியே கேக்கல. நீங்க எப்பவும்போல வம்பு பேசுங்க."

கல்யாணமான நாளிலிருந்து நீ திட்டித் தீர்த்த என் வம்புக்கு ஒரே நாளில் ஆய்வுமுறை என்று பதவி உயர்வு கிடைத்தது.

எஸ்தர் அக்கா வீட்டில்தான் தொடங்கினோம். "எங்க வீட்ல நாலு செத்த போன் கிடக்குதுக்கா, தூக்கிப்போட மனசு வரல. இவ ஒரே திட்டு" என்று உன்னையே போட்டுக்கொடுத்தேன். அவ்வளவுதான். அவர் பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு கேக் டப்பாவை எடுத்துவந்தார். உள்ளே, பெருவெள்ளத்தில் மூழ்கிய ஒரு போன், கைக்குட்டையில் சுற்றி.

"பாப்பா ஞானஸ்நானம் போட்டோ மொத்தமும் இதுலதாண்ணா கீது. அரிசில பொதைச்சு வெச்சேன், வெயில்ல காய வெச்சேன். உசுரு வர்ல."

நீ மெல்லக் கேட்டாய். "நல்ல வெல குடுத்தா குடுத்துடுவீங்களாக்கா?"

"இன்னா மிஸ் நீங்க. பாப்பாவுக்கு வெல பேசுவாங்களா?"

அதற்கப்புறம் வீடு வீடாக அதே கதை. சோப்பு டப்பாவில், பைபிள் உறைக்குள், சாமி அலமாரியில், தண்ணீரில் போன போன்கள். என்றைக்காவது யாராவது உயிர் கொடுப்பார்கள் என்று காத்துக்கிடந்தன. பேருந்துக்கு நிற்கும்போது நீ சொன்னாய். "டில்லில இதுக்குப் பேரு கழிவு. இங்க இதுக்குப் பேரு பாப்பா ஞானஸ்நானம். ரெண்டு பேரும் எப்படிங்க பேசிக்கப் போறாங்க?"

அந்த ஜூனில்தான் வயிற்றுவலி. கேன்டீன் சாம்பார் என்றாய். நானும் அந்தச் சாம்பாரில் எத்தனை கனிமம் இருக்கிறது என்று ஜோக் அடித்தேன். ஸ்கேன் பார்த்த டாக்டர் எந்த ஜோக்குக்கும் சிரிக்கவில்லை. கணையத்தில் புற்று என்றார்.

உடனே ஆஸ்பத்திரியில் வந்து சேரச் சொன்னார்கள். "அறிக்கைய வாசிச்சிட்டு வரேன்" என்றாய், ஏதோ உலையில் அரிசி போட்டிருப்பவள் மாதிரி. பயிற்சியின் கடைசி நாள், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தமிழில் வாசித்தாய். கொள்கை அறிக்கை தமிழில் எதற்கு என்று ஒரு பையன் கேட்டான். "போன் வச்சிருக்கறவங்க படிக்க வேணாமாப்பா?" என்றாய். கைதட்டினார்கள். நான் பின்வரிசையில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். சளி என்று சொல்லிவைத்தேன்.

அறிக்கையில் கடைசிப் பத்தி மட்டும் பாக்கி. பரிந்துரை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டினாய். விலையை ஏற்றச் சொல்லலாம் என்றாய், மறுநாள் அது வேண்டாம் என்றாய். முதலில் படங்களை மீட்டுக் கொடுத்துவிட்டு அப்புறம் போனை வாங்கலாம் என்றாய். அதையும் அடித்தாய். ஒரு மத்தியானம், ஊசி போட்டுவிட்டு நர்ஸ் போனதும், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாய்.

"அதெல்லாம் இல்லைங்க. வேற ஒண்ணு தோணுது. தூங்கி எழுந்து சொல்றேன்."

அந்தத் தூக்கத்திலிருந்து நீ எழவில்லை.

நேற்று நிவேதா வந்திருந்தாள். அந்தக் கொள்கை பற்றி அரசு கருத்து கேட்டிருக்கிறதாம். இந்த வாரம் போனால் உன் அறிக்கை கணக்கில் சேரும், இல்லாவிட்டால் அலமாரிதான். "ஆன்ட்டி மனசு உங்களுக்குத்தான் தெரியும் அங்கிள். அந்த ஒரு பத்திய மட்டும் நீங்க முடிச்சுக் குடுங்க" என்று உன் லேப்டாப்பைத் திறந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

அந்தப் பத்தியில் நீ எழுதியிருந்தது மூன்றே சொற்கள். 'முதலில் செய்ய வேண்டியது'. அதற்குப் பக்கத்தில் கர்சர் கோடு மின்னிக்கொண்டிருந்தது.

வாரா வாரம் பத்திரிகைக்குப் பக்கம் பக்கமாக எழுதிக் காலம் தள்ளுகிறவன் நான். உட்கார்ந்தேன். முதலில் செய்ய வேண்டியது முடிச்சூருக்கு ஒரு ரோடு போடுவது என்று அடித்தேன், அழித்தேன். படங்களை மீட்டுக் கொடுப்பது என்று அடித்தேன். நன்றாகத்தான் இருந்தது, நிவேதா சந்தோஷப்பட்டிருப்பாள். ஆனால் அது இல்லை என்று நீதானே சொன்னாய். அதையும் அழித்தேன். உன்னுடைய மூன்று சொற்களில் கை பட்டுவிடுமோ என்று பயந்து பயந்து அழித்தேன்.

இன்று மத்தியானம் நிவேதாவைக் கூப்பிட்டேன். "அப்படியே அனுப்பிடும்மா."

"பாதில நிக்குதே அங்கிள்."

"ஆமாம்மா. பாதிலதான் நின்னுச்சு."

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். அவளுக்கும் சளிதான் போல. சாயங்காலம் அனுப்பிவிட்டதாகச் செய்தி போட்டிருந்தாள்.

டில்லியில் யாரோ ஒருவர் அதைப் படித்துவிட்டு அச்சுப்பிழை என்று நினைப்பார். நினைத்துக்கொள்ளட்டும். எனக்குத் தினமும் விடிவதே அந்த மூன்று சொல்லோடுதான். கண் விழித்ததும் உன் குரலில் கேட்கிறது. 'முதலில் செய்ய வேண்டியது'. அடுத்த சொல் வருமென்று அப்படியே படுத்துக்கிடக்கிறேன், வாயைத் திறக்காமல். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்.