வாமனன் வேடம்

வெள்ளி, இரவு.

கேட்டிருக்கவே கூடாது. அரங்கில் நான் உடை மாட்டிவிடும் இங்கிலாந்து நடிகர் என் இடுப்பளவு உயரம்தான். இத்தனை வருடமும் முகமூடிக்குள்ளேயே நடித்தவருக்கு, இங்கே மெல்பேர்னில்தான் முதன்முறையாக முகம் தெரியும் நீதிபதி வேடம்.

"எங்கட நாடகத்துக்கு வாமனன் வேணும். நீங்கள் கேட்டா ஓம் எண்டுவார், அக்கா" என்று ஸ்பிரிங்வேல் தமிழ்ச் சங்கச் செயலாளர் நச்சரித்தார். இன்று நடிகருக்கு அங்கியை மாட்டும்போது கேட்டுவிட்டேன்.

கதையை ஆவலோடு கேட்டார். குள்ளனாக வந்தவர் வானளவு வளர்ந்து உலகையே அளந்தார் என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"வளர்ந்த பிறகும் நான்தானே?"

"இல்லை. அதற்கு உயரமான ஒருவர் இருக்கிறார்."

எப்போதும் நான் போட்டுவிடும் கழுத்துப் பொத்தானை இன்று அவரே போட்டுக்கொண்டார்.