குட்டையாகிப்போன கோடுகள்

என்னங்க,

நேற்று எங்கள் ஆஸ்பத்திரியில் நான் எடுத்த ஈசிஜியில் உங்கள் கோடுகள் குட்டை குட்டையாக இருந்தன. "மிஷின் கோளாறுடி" என்று சிரித்தீர்கள். நீங்கள் கிளம்பியதும் அதே மிஷினில் எனக்கு எடுத்துப் பார்த்தேன். என் கோடுகள் நிமிர்ந்துதான் நிற்கின்றன.

ராத்திரி "தொப்பைக்காரனுக்கு அப்படித்தான் வரும்" என்று கத்தினீர்கள். பருத்த உடம்புக்கும் வரும், நிஜம்தான். ஆனால் போன வருடம் ஈசிஜி எடுத்தபோது இதைவிடப் பெரிய தொப்பை, கோடுகளோ உயரம். இப்போது இளைத்துவிட்டீர்கள், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இதயத்தைச் சுற்றி நீர் கோத்தாலும் கோடு இப்படிக் குறுகும். அது கூடினால் இதயம் விரிய இடமில்லாமல் நின்றுவிடும். நீங்கள் இளைத்ததற்கும் இதற்கும் ஒரே காரணமோ என்றுதான் எனக்குப் பயம்.

நான் டியூட்டிக்குக் கிளம்புகிறேன்; இன்றைக்கே இதய ஸ்கேனுக்குச் சொல்லிவிட்டேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். பைக் சாவியைத் தேடாதீர்கள், என் பையில் இருக்கிறது. பத்து மணிக்கு உங்கள் தம்பி காரோடு வருவார்.

ஆமாம், நீங்கள் முகத்தில் முழிக்காத அதே தம்பிதான். போனில் என்ன ஏது என்றுகூடக் கேட்கவில்லை. "அண்ணன் கதவைத் திறப்பாரா அண்ணி?" என்று மட்டும் கேட்டார்.

திறப்பார் என்று சொல்லிவிட்டேன்.