அக்கா நிரப்பிக் கொடுத்த பாட்டில்

ஐப்பசி 14, வியாழன்

இயற்கை வளப் பாதுகாப்புப் படிப்பின் ப்ராஜெக்டுக்காக இன்று பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஆறு பாட்டில் தண்ணீரைச் சோதித்தேன். ஆறும் முத்துப்பேட்டைப் பக்கம், என் கணவரின் ஊரில் உள்ள போர்வெல்களில் பிடித்தவை. ஐந்தில் உப்பு அதிகம். அங்குள்ள எங்கள் குடும்ப வீட்டுப் போர்த் தண்ணீரில் மட்டும் உப்பே இல்லை. மூடியைத் திறந்ததும் குளோரின் வாடை அடித்தது. வெயிலில் அலைந்த களைப்பில் அந்த ஒரு பாட்டிலை ஓரகத்தியிடம் கொடுத்து நிரப்பச் சொன்னது என் தவறு.

போன் செய்தேன்.

“ஆமா, தெருக்குழாயிலதான் புடிச்சேன். இப்ப என்னாங்கற?”

“அக்கா, இது என் படிப்பு விஷயம்.”

“நாப்பத்தஞ்சு வயசுல உனக்குப் படிப்பு. என் புள்ளைக்கு முப்பத்திரண்டு ஆவுது. நம்ம வீட்டுத் தண்ணி உப்புன்னு நீயே எழுதிக் குடுத்தா எவன் பொண்ணு குடுப்பான்? ஞாயித்துக்கிழமை வீடு பாக்க வர்றாங்க. அது முடியட்டும். திங்கக்கிழமை வந்து நீயே புடிச்சுக்க.”

சரி என்று சொல்லிவிட்டேன். ப்ராஜெக்டுக்கு நான்கு நாள் தாமதம் ஒன்றும் பெரிதில்லை.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. வரப்போகும் பெண் அந்த உப்புத் தண்ணீரில்தான் குளிக்க வேண்டும், துவைக்க வேண்டும். குழாய் வராத நாளில் சோறும் அதில்தான்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் வரச் சொல்லியிருக்கிறார். “படிச்சவ, நீ நாலு வார்த்தை பேசுனா நம்புவாங்க” என்றார். பெண்ணின் அம்மா தண்ணீர் எப்படி என்று கேட்டால் மறைக்க மாட்டேன். கேட்காவிட்டால் நானாகச் சொல்வேனா என்பதுதான் தெரியவில்லை.