கேட்டில் கட்டிய சிவப்புத் துணி

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுகிறேன். நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நன்றாக இரு. நாங்களும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் உன் அப்பா காலில் கட்டோடு முன்னறையில் படுத்துக்கொண்டு அதை எடு இதை எடு என்று என் உயிரை வாங்குகிறார். படியில் வழுக்கி விழுந்தேன் என்றுதானே உன்னிடம் சொன்னார், நானும் போனால் போகிறது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று காலை படகுத்துறையில் மறுபடியும் புயல் கொடி ஏற்றிவிட்டார்கள். இனிமேல் மூடிக்கொண்டிருக்க எனக்குப் பைத்தியமா.

போன மாதப் புயலில் நடந்ததைச் சொல்கிறேன், உட்கார்ந்து படி. மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு எல்லோரும் வந்துவிட வேண்டும் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே போனார்கள். நம் தெருவில் வீட்டைக் காலி செய்கிறவர்கள் கேட்டில் சிவப்புத் துணி கட்டுவது உனக்குத் தெரியாததா, சின்ன வயதில் நான்தான் கட்டுவேன் என்று அடம்பிடித்தவள் நீ. துணி இருந்தால் மீட்புக்குழு அந்த வீட்டை விட்டுவிடும், இல்லாவிட்டால் கதவைத் தட்டி ஆளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். உன் அப்பா என்னிடம், நீ முன்னால போ, ரிப்பேருக்கு வந்த இன்ஜினை மேல ஏத்தி வச்சிட்டு வரேன் என்றார். நானும் நம்பிப் போனேன். பள்ளியில் பெண்கள் கீழே, ஆண்கள் மாடியில். குளிருமே என்று அவருக்கு ஒரு போர்வைகூட மேலே கொடுத்தனுப்பினேன், அது திரும்பி வரவில்லை, சரி போர்த்திக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் பக்கத்து வீட்டுத் தையல்காரர் அதைப் போர்த்திக்கொண்டு குறட்டை விடுகிறார்.

உன் அப்பா வீட்டை விட்டு நகரவே இல்லை. கேட்டில் தானே துணியைக் கட்டிவிட்டு, உள்ளே பூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போயிருக்கிறார். ஏன் தெரியுமா. பள்ளிக்கூடத்தில் சிக்னல் கிடைக்காது, நம் மாடியில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்றால் கிடைக்கும். அதற்கு முந்தின புயலில் அவர் போனை எடுக்கவில்லை என்று நீ ஊர் முழுக்கப் போன் போட்டு அழுது, வேலை செய்யும் இடத்தில் மயங்கி விழுந்து, கடைசியில் அவரிடம் என்ன வாக்கு வாங்கினாய், என்ன ஆனாலும் நான் கூப்பிட்டா எடுங்கப்பா என்றுதானே. அந்த மகாராஜா வாக்கைக் காப்பாற்றினார். பள்ளிக்கூடத்தில்தான் இருக்கேன், ஜெனரேட்டர் சத்தம் என்று உன்னிடம் சொன்னாராம், நீயும் நம்பினாயாம். பேசி முடிப்பதற்குள் காற்றில் தொட்டி புரண்டு அவர் காலில் விழுந்தது, போன் எங்கேயோ பறந்தது. டவர் விழுந்துவிட்டது என்று மறுநாள் உனக்குச் சொன்னதெல்லாம் கதை.

அவர் கத்தியிருக்கிறார். மீட்புக்குழு தெருவில் போகும்போது சத்தம் கேட்டிருக்கிறது. அந்தக் குழுவில் இருந்த பேக்கரிக்காரர் என் முன்னால் வந்து நின்று அழுதார். கேட்டுல துணி இருந்துச்சுக்கா, உள்ள யாரும் இல்லன்னு போயிட்டோம் என்றார். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. காற்று ஓய்ந்து நான் வீட்டுக்கு வந்து பார்க்கிறவரை அந்த மனுஷன் மழையில் கிடந்தார். இனிமேல் கம்பு ஊன்றித்தான் நடப்பாராம், டாக்டர் சொல்லிவிட்டார்.

எனக்குக் கோபம் அவர்மேல் பாதி, உன்மேல் பாதி. பயப்படாதே என்று நான் சொல்லவில்லை. பெற்றவர்களை நினைத்துப் பயப்படாத பிள்ளை என்ன பிள்ளை. ஆனால் உன் பயத்தைத் தூக்கி அவர் தலையில் ஏன் வைத்தாய். நானும்தான் பயப்படுகிறேன், பள்ளிக்கூடத் தரையில் உட்கார்ந்து சத்தம் போடாமல் பயப்படுகிறேன். தூரமாகப் போனவளுக்கு அந்தப் பயம் உண்டு, அதை நீதான் சுமக்க வேண்டும். அப்புறம் அந்தச் சுற்றுகிற புயல் படத்தை எனக்கு அனுப்பாதே, காற்று என் கதவுக்கு வந்தால் எனக்கே தெரியும். வேளைக்குச் சாப்பிடு, ராத்திரியெல்லாம் போனையே பார்த்துக்கொண்டு கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

நாளைக் காலையில் பேக்கரிக்காரரும் தையல்காரரும் அப்பாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். இப்போதே, நான் எப்படி மேடு ஏறுவேன், நீ போ என்று ஆரம்பித்துவிட்டார், நாற்காலியை மாடிப்படிக்குப் பக்கத்தில் போடச் சொல்கிறார். அவர் வெளியே போன பிறகு துணியை நானே என் கையால் கட்டுவேன்.

கடைசிப் படகில் நர்ஸம்மா அக்கரைக்குப் போகிறார், இதைப் போட்டோ எடுத்து இன்றே உனக்கு அனுப்பிவிட்டு, உறையைத் தபாலில் போடுவார். உறைக்குள் ஒரு சிம் கார்டு ஒட்டியிருக்கிறேன், அப்பாவுடைய புதுப் போனிலிருந்து நான் கழற்றியது. என் போனையும் அணைத்துவிட்டேன். அவர் காலையிலிருந்து தலையணைக்கு அடியில் சிம்மைத் தேடுகிறார், நானும் கூடச் சேர்ந்து தேடுகிறேன். புயல் காலம் முடிந்ததும் திருப்பி அனுப்பு. அதுவரை அப்பா போனை எடுக்கவில்லை என்றால், அவர் உயிரோடு பள்ளிக்கூடத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்.

நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இரு. கதவைப் பூட்டிவிட்டுத் தூங்கு.

கோபம் தீராத,
உன் அம்மா